சாரல் காலத்தில் ஓர் ஏர்பிரஷ்

செங்கோட்டையில் ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் அப்பளம் நமுத்துப்போகும், தீக்குச்சி பற்றாது, கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். காற்றின் வேகத்தில் பெயிண்டைத் தூவுகிற ஏர்பிரஷ், தண்ணீரைத் துப்பும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் செய்வது ரப்பர் மரப் பேருந்துகள். மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் வட்டாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்குக் குறைவில்லை. பால் வற்றிய மரத்தை அறுத்த துண்டு துக்கடாக்கள் சல்லிசாகக் கிடைக்கும். ஒரு சாண் நீளத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கேரள அரசு வண்டி. அங்கே செல்லமாக ஆனவண்டி என்பார்கள். தம்பி மகனுக்காக ஆரம்பித்தது, இப்போது சொந்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தினால், உராயும் சூட்டில் உருகித் தானே பிடித்துக்கொள்ளும். பேருந்தைக் கடைசல் பிடிக்க முடியாதே! பிரஷ்ஷால் பூசினால் ஜன்னல் ஓரமெல்லாம் திட்டுத்திட்டாக நின்றது. சரி, ஏர்பிரஷ் வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன்.

விலை குறைவு என்று முதலில் வாங்கியது, காற்றை அமுக்கித் தரும் குட்டி கம்ப்ரசரை அடியிலேயே மாட்டிய சார்ஜ் ரகம். நகத்துக்குப் பூச அது போதும். எனக்குப் பெயிண்ட் விட்டுவிட்டு வந்தது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. சாரலில் மஞ்சள் பூச்சு முழுக்கக் கொப்புளம் போலப் புள்ளிகள். பெயிண்டைத் தூவும் கன்தான் சரியில்லை என்று 0.2 மி.மீ. ஊசி வைத்த இன்னொன்று வாங்கினேன். நுனியிலேயே அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்தது.

மாமாவுக்கு டூவீலர் பெயிண்டிங் கடை. புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "ஏட்டி, கன்னைக் கொறை சொல்லாத. காத்துல தண்ணி வருது."

அப்புறம்தான் விளங்கியது. காற்றை அமுக்கும்போது சூடாகிறது. டேங்கிலும் குழாயிலும் ஆறும்போது அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகப் பிரிகிறது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டேங்கும் ஈரம் பிரிக்கும் கிண்ணமும் இல்லாத கம்ப்ரசரோடு எவ்வளவு உசத்தியான ஏர்பிரஷ்ஷை மாட்டினாலும் இதே கதைதான். கையில் ஒரு தொகை இருந்தால், அதில் பெரும்பங்கைக் கம்ப்ரசருக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

மாமா கடையில் இருப்பது 24 லிட்டர் டேங்க், 8 பார் அழுத்தம் வரை ஏறும். காற்று அருமை. ஆனால் அது ஓடினால் தெருவே எட்டிப் பார்க்கும். நான் வேலை செய்வதோ ராத்திரி ஒன்பதுக்கு மேல். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரில் செய்துகொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. சத்தமே இருக்காது, உண்மை. ஆனால் காற்றோடு எண்ணெய் வரும், பாதுகாப்பு வால்வு நாமே பார்த்து வைக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் எடுத்தது எண்ணெய் தேவைப்படாத பிஸ்டன் ரகம்: 1/6 ஹெச்.பி., 3 லிட்டர் டேங்க். 4 பாரில் தானே நின்று, 3 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் ஈரம் பிரிக்கும் கிண்ணமும் கூடவே வந்தன. டேங்க் இருப்பதால் மோட்டாருக்கு ஓய்வு, காற்றும் துடிக்காமல் வருகிறது. குழாயை வேண்டுமென்றே நீளமாக வாங்கி, கன்னுக்கு அடியில் இன்னொரு குட்டிக் கிண்ணம் மாட்டினேன். வேலை முடிந்ததும் டேங்க் அடியிலுள்ள திருகைத் திறந்தால், ஆடி மாதத்தில் தண்ணீர் சொட்டுகிறது.

கன்னில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மேலே பெயிண்ட் கிண்ணம் வைத்த டபுள் ஆக்‌ஷன், 0.3 ஊசி. விசையை அமுக்கினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட். முதல் பூச்சான பிரைமருக்கு மட்டும் 0.5 நல்லது. பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் வைக்கிறேன். விசையை அமுக்கிக் காற்று போகும்போதுதான் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து வைக்க வேண்டும். சும்மா இருக்கையில் அது கூடுதலாகக் காட்டும். வெள்ளைப் பிரைமர், மேலே மஞ்சள், காய்ந்தபின் டேப் ஒட்டிச் சிவப்பு. வரிசையை மாற்றினால் சிவப்பை மூட மஞ்சளுக்குத் தெம்பு கிடையாது.

மிச்சமான வண்டி பெயிண்டைத் தருகிறேன் என்றார் மாமா. வேண்டாம் என்றுவிட்டேன். அதை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற நச்சு, துணி முகமூடிக்கெல்லாம் அடங்காது. பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமானுக்குத் தண்ணீரில் கரையும் பெயிண்ட், அதுவும் ஈயம் சேராதது என்று டப்பாவில் பார்த்துத்தான் வாங்குகிறேன். விற்பனைக்கும் போகவில்லை. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்த அலைச்சலுக்கு இப்போது தெம்பில்லை.

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். பேருந்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல டயருக்குக் காத்து அடிக்கலாமாட்டி?" என்றார்.

சைக்கிளுக்கு அடித்துப் பார்த்தோம். ஏறியது.