லுவார் நதிக்கரையில் வெண்ணெய் சாஸ் மீன்

பிரான்சில் உள்ள நாந்த் நகரத்தின் பழைய கோட்டையையும் இயந்திர யானையையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டோம். நான் அந்தப் பக்கம் போனதே 'பேர் பிளாங்' என்ற வெண்ணெய் சாஸோடு மீன் சாப்பிடத்தான். பிரெஞ்சில் 'வெள்ளை வெண்ணெய்' என்று பொருள்.

நகரத்துக்குக் கிழக்கே ஆற்றோரமாக ல ஷெபுயெத் என்று ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விடுதி நடத்திய க்ளெமான்ஸ் லெஃபோவ்ர் என்ற அம்மாதான் இந்தச் சாஸை முதலில் செய்தவர் என்கிறார்கள். பெயார்னேஸ் என்ற இன்னொரு வெண்ணெய் சாஸில் முட்டை மஞ்சள்கரு சேர்க்க மறந்துபோய்த் தற்செயலாகப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. செய்முறையை நேரில் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கைப்பக்குவம் இல்லாமல் இது வரவே வராது.

நாங்கள் சாப்பிட்ட கடையில் சமைத்த அம்மா அடுப்படிக்கே கூப்பிட்டுக் காட்டினார். நம் சின்ன வெங்காயம் போன்ற ஷாலட்டைப் பொடியாக நறுக்கி, அந்த ஊர் மஸ்கதே ஒயினும் வினிகரும் ஊற்றி, ஈரம் மட்டும் மிஞ்சும்வரை சுண்ட விடுகிறார். அப்புறம் மெல்லிய தீயில், குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, கை ஓயாமல் அடிக்கிறார். சூடு 60 டிகிரியை நெருங்கினால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். பதம் தவறாவிட்டால், வெண்ணெயில் உள்ள தண்ணீரும் பால் புரதமும் கொழுப்பை நுண்துளிகளாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த வெளுப்பும் வழவழப்பும் அதனால்தான், க்ரீமே இல்லை.

மீன், சாந்த்ர் என்ற ஆற்று மீன். விரால் மாதிரி கொழுப்பில்லாத வெள்ளைச் சதை. முதலில் லேசான புளிப்பு, பின்னாலேயே வெண்ணெய். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நாலு வாய்க்குமேல் இறங்காது.

கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 கிராம் மீனில் சுமார் 125 கலோரி, 28 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம் அளவுதான். சாஸில் 50 கிராம் வெண்ணெய் என்று வைத்தால் அது மட்டும் 360 கலோரி. ஏ வைட்டமின் நிறைய உண்டு, கூடவே நிறைவுற்ற கொழுப்பு 25 கிராம். ஒரு நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே சுமார் 22 கிராம்தான்! மீன் மீது குற்றமே இல்லை.

சரி, தட்டில் மிச்சம் வைக்க மனம் வரவில்லை. சீஸையும் இனிப்பையும் வேண்டாம் என்றுவிட்டு, கரையோரமாக ஒன்றரை மணி நேரம் நடந்தோம். இரவுக்குத் தக்காளியும் ரொட்டியும் போதுமாக இருந்தது.