மலைப்பாதையில் குரூசர் ஓட்ட சஸ்பென்ஷனைச் சரிசெய்வது

ஹட்டன் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் குரூசர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினால், ஒவ்வொரு குழியிலும் பின் ஷொக் அப்சோபர் அடிதட்டி இடுப்பில் இடிக்கும். குரூசரில் பின்சக்கரம் ஏறி இறங்க இடம் குறைவு. ஓட்டுபவரின் பாரமும் பின்னால்தான் விழுகிறது. சீட்டுக்கு மெத்தை போடுவது இதற்கு மருந்தல்ல.

புது ஷொக் வாங்குமுன் ப்ரீலோடை, அதாவது ஷொக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அளவைப் பாருங்கள். பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டடி வரை அளந்து, வழக்கமான சுமையோடு உட்கார்ந்து மறுபடி அளங்கள். பின்சக்கரம் ஏறி இறங்கும் மொத்த அசைவு 100 மி.மீ. என்றால் சுமார் 30 மி.மீ. இறங்குவது சரி. அதிகமென்றால் இரு பக்கமும் ஒரே படியில் இறுக்குங்கள். முழுக்க இறுக்கியும் போதாவிட்டால்தான் கனமான ஸ்பிரிங். நீளம் மட்டும் பழையதே இருக்கட்டும். கூடினால் முன்பக்கம் தாழ்ந்து, றம்பொட இறக்கத்தில் ஹேண்டில் படபடக்கும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான முன் போர்க்கில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புது ஒயில் ஊற்றியதும், காற்றுக் குமிழ் போகும்வரை குழாயை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு ஸ்பிரிங் போடாமல், குழாயை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஒயில் மட்டத்தை அளக்க வேண்டும். போர்க்கின் இரண்டு குழாயிலும் ஒரே அளவு. கூடுதலாக ஊற்றினால் உள்ளே அழுத்தம் ஏறி, ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கசியும். அந்த ஒயில் பிரேக் டிஸ்க்கில் பட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.