கிட்டார் கழுத்தை இழைத்து நேராக்குவது

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால், ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் ஈரக்காற்றில் வீட்டுக் கதவுகளே உப்பிக்கொண்டு நிலையில் சிக்கும். அப்படிப்பட்ட ஊரில் கிட்டார் கழுத்துக்கான பலகையை இழைத்து, அதன்மீது ஃபிரெட்போர்டை, அதாவது தந்திகளை விரலால் அழுத்தி வாசிக்கும் மேல்பலகையை, ஒட்டுவதற்கு, கைத்திறனைவிடக் காத்திருக்கும் பொறுமையே அதிகம் வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு ஒரு கழுத்தை வீணாக்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன்.

அது மரவாடியில் வாங்கிய மகோகனிப் பலகை. 76 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம். தடித்த கண்ணாடியின்மேல் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு நாள் அதில் தேய்த்தேன். பிறகு எஃகு அளவுகோலைக் குத்தாக நிறுத்தி விளக்குக்கு எதிரே பார்த்தபோது, நடுவில் இருள், இரு முனைகளிலும் ஒளிக்கீற்று. கையால் முன்னும் பின்னும் தள்ளும்போது முனைகளில் அழுத்தம் கூடி, அங்கேதான் மரம் அதிகம் தேய்ந்திருந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் இடைவெளி மூடிவிடும் என்று நம்பி ஒட்டினேன். மூடத்தான் செய்தது. ஆனால் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக ஓயாமல் இழுக்கும்போது, வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். மூன்றாம் மாதம், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டின் அருகே மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரி அண்ணாச்சியிடம் அந்தக் கழுத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வளைவைப் பார்க்கவில்லை; முறுக்கைத்தான் முதலில் பார்த்தார். ஒரே அகலமுள்ள இரண்டு நேரான தேக்குச் சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்சட்டத்தின் மேல்விளிம்போடு பின்சட்டத்தின் விளிம்பு இணையாக நிற்கிறதா என்று நோக்கினார். பின்சட்டம் ஒரு பக்கம் ஏறியிருந்தது. முன்பின்னாக வளைந்த கழுத்தை உள்ளே நீளவாக்கில் இருக்கும் டிரஸ் ராடு என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தை அந்தக் கம்பியால் திருத்த முடியாது. இப்போது அலுமினியக் கடையில் வாங்கிய இரண்டு ஆங்கிள் துண்டுகளை நான் அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

இழைப்புளி நீளமாக இருக்க வேண்டும்; குட்டை இழைப்புளி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிவிடும். பரப்பு முழுவதும் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு, இரு முனைகளையும் தொடாமல் நடுவில் மட்டும் இழைக்க வேண்டும். இழைப்புளி தானாகவே வெட்டுவதை நிறுத்தும் கட்டம் வந்ததும், முனையிலிருந்து முனைவரை முழு நீளத்துக்கு ஓட்ட வேண்டும். மரத்தின் ரேகை சாயும் திசையிலேயே தள்ள வேண்டும், எதிர்த்துத் தள்ளினால் நார் பிய்ந்துவிடும்.

நான் செய்த பெரிய பிழை வரிசையில்தான் இருந்தது. பலகையின் முகத்தை முழுவதும் நேராக்கிய பிறகு டிரஸ் ராடு உட்காரும் நீளப் பள்ளமான காடியை எடுத்து, அன்றே ஒட்டிவிட்டேன். காடி எடுக்கும்போது மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டுப் பலகை மறுபடி அசையும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 12 சதவீத ஈரம் தங்கும். 90 சதவீதமானால் அது 20ஐ நெருங்கும். புதிதாக வெட்டிய பரப்பு அந்த ஈரத்தை முதலில் உறிஞ்சும். “காடி போட்டாச்சுன்னா ரெண்டு நா கிடக்கட்டும் தம்பி, அது திரும்புத வரைக்கும் திரும்பட்டும்” என்றார் அண்ணாச்சி.

இந்த முறை பத்து நாள் கிடக்க விட்டேன், காற்று எல்லாப் பக்கமும் படும்படி இரண்டு குச்சிகளின்மேல். சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு நாளில் கடைசி இழைப்பைத் தொடங்கினேன். நடுவே காடி ஓடுவதால் சீவல் இரண்டு நாடாக்களாகப் பிரிந்து, இரண்டும் அறுபடாமல், ஒரே அகலத்தில் மறுமுனைவரை வந்து விழுந்தன. பென்சில் கிறுக்கல் எங்கும் மிச்சமில்லை. பசையில்லாமல் ஃபிரெட்போர்டை மேலே வைத்து, சட்டைப்பையில் இருந்த புனலூர்ப் பேருந்துச் சீட்டின் முனையைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. அன்று மாலை இருட்டுவதற்குள் ஒட்டி முடித்தேன்.