59-ஆம் நம்பர்

ஜூன் 6
பூர்வகுடிக் கலைஞர் படம் போட்ட அந்த டிராம் இன்றும் வரவில்லை. 59-ஆம் தடத்தில் மூன்று போயின, மூன்றும் விளம்பரம்.

ஜூன் 7
ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் காலி. யாரிடமும் கேட்கவில்லை.

ஜூன் 8
வந்தது! பிளெமிங்டன் ரோட்டில், நல்ல மழையில், காவியும் வெள்ளையுமாக வளைந்து வளைந்து கோடுகள், குடையை விரிக்கக்கூட மறந்து நின்றேன். கதவு திறந்ததும் படம் நடுவில் பிளந்து அதற்குள்ளிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஏறிய பிறகுதான் ஏமாற்றம். ஜன்னல்மேல் ஒட்டிய பிலிமில் ஊசியால் குத்தியதுபோல ஆயிரம் ஓட்டை, அதன் வழியே சாம்பலாய் ஊர், அவ்வளவுதான். படம் வெளியே நிற்கிறவர்களுக்கு மட்டும். அவரிடம் சொன்னேன். "சரி, நல்ல சகுனம்" என்று சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

ஜூன் 9
தூக்கம் இல்லை, டிராம் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1978-இலிருந்து 1993 வரை மெல்போர்னில் ஓவியர்களை விட்டு டிராம்மேலேயே வண்ணம் தீட்டவைத்திருக்கிறார்கள். 1991-இல் லின் ஓனஸ் ஒன்று தீட்டினார், யோர்டா யோர்டா என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். துணி காயப்போடும் சுற்றுக்கம்பியில் வௌவால்களைத் தொங்கவிட்டுச் சிற்பமாக்கியவரும் அவரேதான், அதுவும் அதே வருஷம். 2013-இல் திரும்பத் தொடங்கியபோது தூரிகை போய் அச்சடித்த வினைல் வந்துவிட்டது. இந்தத் தடவை ஆறு வண்டியும் பூர்வகுடிக் கலைஞர்களுக்கே.

இன்னொன்று. பூர்வகுடி ஓவியம் என்றாலே புள்ளி என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கோலம் போட்ட கை அப்படித்தான் நினைக்கும். புள்ளி நடுப் பாலைவனத்துக்காரர்களுடையதாம். இந்தப் பக்கத்து மக்கள் கேடயத்திலும் போஸம் என்கிற மரவிலங்கின் தோல் போர்வையிலும் போட்டதெல்லாம் கோடும் சாய்சதுரமும். அந்த வண்டியில் நான் பார்த்த ஒரே புள்ளி ஜன்னல் ஓட்டைதான்.

மணி 3.40. ஸ்கேன் முடிவு வெள்ளிக்கிழமை.

ஜூன் 10
வரவில்லை.

ஜூன் 11
எலிசபெத் தெரு, பிளிண்டர்ஸ் தெரு. 59 போகிற வழியெல்லாம் வெள்ளைக்காரப் பெயர், மண் என்னவோ வுருண்ஜெரி மக்களுடையது. சொந்த வீட்டு வாசலில் வருஷத்துக்கு ஒருமுறை படம் மாட்ட இடம் கொடுத்ததுபோல இருக்கிறது. எரிச்சலாக வருகிறது. ஆனாலும் நாளைக்கும் போய் நிற்பேன்.

ஜூன் 12
அதற்காக ஐந்து வண்டியை விட்டேன். ரசம் ஆறிப்போச்சு. "டிராம் பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான். எந்தத் தடத்தில் விடுவது என்பது டிப்போக்காரர்கள் கையில், இன்றைக்கு வேறு எங்கோ ஓடியிருக்கும்.

ஜூன் 13
சாப்பிடவில்லை, அவரும், நானும்.

ஜூன் 14
டாக்டர் எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு 59-ஐ விட்டாயிற்று. மூன்றாவதில் ஏறிவிட்டேன். பற்பசை விளம்பரம்.