30 மி.லி. பாட்டிலுக்கு 30 மி.லி. தண்ணீர் அல்ல

முதல் பாட்டிலை ஒரு வேளைகூடக் கொடுக்காமல் கொட்ட வேண்டியதாகிவிட்டது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதியது அமாக்சிசிலின் ட்ரை சிரப், அதாவது தூளாக வந்து வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டிய ஆன்டிபயாடிக். 5 மி.லி.யில் 125 மி.கி., காலையும் இரவும் 5 மி.லி., 7 நாள். சீட்டில் ஒரு குழப்பமும் இல்லை. மருந்துக்கடையில் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவர், "30 மி.லி. தண்ணி ஊத்திக் குலுக்குங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அங்கேதான் கெட்டது.

பாட்டிலில் போட்டிருக்கும் 30 மி.லி. என்பது ஊற்ற வேண்டிய தண்ணீரின் அளவே அல்ல. தூளும் தண்ணீரும் சேர்ந்து கடைசியில் வந்து நிற்க வேண்டிய அளவு. தூளும் இடத்தை அடைக்கும் அல்லவா? அளந்து 30 ஊற்றியதும், எதுவரை நிரப்ப வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி மருந்து ஏறி நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிலுக்குள் மொத்தம் 750 மி.கி. மருந்து. அது 30 மி.லி.யில் கலந்தால்தான் 5 மி.லி.க்கு 125 வரும். மொத்தம் 34 ஆகிவிட்டால் 5 மி.லி.யில் 110 சொச்சம்தான். ஒவ்வொரு வேளையும் குறைவாகப் போகும். மேலே இருப்பதைக் கொட்டினால் சரியாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது, கொட்டுகிற தண்ணீரோடு மருந்தும் போய்விடும், மீதி நீர்த்தது நீர்த்ததுதான். தண்ணீர் குறைந்தால் இன்னும் ஊற்றலாம், கூடினால் எடுக்க வழியில்லை. திரும்பவும் கடைக்கு ஒரு நடை.

இரண்டாவது பாட்டிலில் முதல் வேலை, கோடு எங்கே என்று தேடியதுதான். சிலவற்றில் லேபிள் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், சிலவற்றில் கண்ணாடியிலேயே வளையமாக இருக்கும். கண்ணுக்குப் படவில்லை என்றால் கடையை விட்டு இறங்கும் முன்பே காட்டச் சொல்லுங்கள். டப்பாவுக்குள் தண்ணீர்க் குப்பி சேர்த்தே வந்திருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் கலக்கும் என்று நினைக்காதீர்கள், இந்த வகை மருந்துக்குச் சூடு ஆகாது, வீரியம் குறையும்.

மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் நான்கைந்து முறை தட்ட வேண்டும். அடியில் இறுகிய தூள் உதிரும். பிறகு தண்ணீரைப் பாதிக்குக் கொஞ்சம் மேல்வரை ஊற்றி, மூடி, கட்டியில்லாமல் குலுக்க வேண்டும். அடுத்து நுரை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நுரை கோட்டைத் தொட்டதும் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். நுரை அடங்கினால் மட்டம் இறங்கிவிடும், மருந்து கெட்டியாக இருக்கும், வேளைக்கு வேளை அளவு கூடிப் போகும். சில நிமிடம் பாட்டிலை மேசையில் விட்டுவிட்டு, நுரை அடங்கியபின் கண்ணுக்கு நேராக வைத்துக் கோடுவரை சொட்டுச் சொட்டாக நிரப்பி, இன்னொரு முறை குலுக்குங்கள். கலந்த தேதியையும் நேரத்தையும் லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். கலந்த மருந்துக்குப் பாட்டிலின் காலாவதித் தேதி பொருந்தாது. எங்கள் பாட்டிலில் 7 நாள் என்று இருந்தது. மருந்துக்கு மருந்து இது மாறும். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் சிரப்பை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்றே போட்டிருப்பார்கள். லேபிள் சொல்வதுதான் கணக்கு.

ஒவ்வொரு வேளையும் குலுக்குவது சடங்கு இல்லை. இது கரைசல் அல்ல, தூள் மிதக்கிற நீர். நிற்க விட்டால் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் மருந்து குறைவாகவும் கடைசி நாட்களில் கூடுதலாகவும் போகும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடோயின் சிரப்பில் இது உண்மையிலேயே ஆபத்து. குலுக்கியபின் பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தால் இன்னும் குலுக்க வேண்டும்.

வீட்டுக் கரண்டியைத் தொடவே வேண்டாம். ஒன்று 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். மூடியோடு வருகிற அளவுக் குவளை பரவாயில்லை, ஆனால் கையில் பிடித்துப் பார்த்தால் சாயும், சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். 5 மி.லி.யும் அதற்குக் குறைவும் என்றால் வாய்வழி சிரிஞ்சுதான். கேட்டதற்குக் கடையில் முதலில் ஊசி போடுகிற சிரிஞ்சை, ஊசியை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுத்தார்கள். வாங்காதீர்கள். அதன் நுனியில் இருக்கும் சின்ன மூடி கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடலாம். வாய்வழி சிரிஞ்சாக இருந்தாலும் நுனி மூடியை முதலிலேயே கழற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மருந்தை இழுத்தபின் நுனியை மேலே தூக்கிக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். குமிழி இருக்கிற இடத்தில் மருந்து இல்லை. விரலால் சுண்டி, காற்றை வெளியே தள்ளி, குறைந்ததை மறுபடி இழுக்க வேண்டும். கறுப்பு ரப்பரின் மேல்விளிம்பு, அதாவது நுனிப் பக்க விளிம்பு, எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்க வைத்தோ மூக்கைப் பிடித்தோ கொடுத்தால் புரையேறும். சிரிஞ்சைத் தொண்டைக்கு நேராக நீட்டாமல் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து, கொஞ்சம் தள்ளி, விழுங்கியதைப் பார்த்து, மறுபடி கொஞ்சம். இப்படிக் கொடுத்ததில்தான் மூன்றாம் வேளை முதல் துப்பாமல் உள்ளே போனது. ஒரு பாட்டில் பாலில் மொத்தமாகக் கலந்து கொடுக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுக் கொடுப்பதும் கூடாது. வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பக் கொடுப்பது என்பதை டாக்டரிடம் முதல் நாளே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள், நள்ளிரவில் கேட்க ஆள் கிடைக்காது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் எழுதியிருந்தார்கள், 125 மி.கி. சிரப் 5 மி.லி. கடையில் சிரப் இல்லை, சொட்டு மருந்து இருக்கிறது, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றே அல்ல. அந்தச் சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. அதில் 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி., எழுதிக் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு. எடைக் கணக்கில் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி.தான், அதுவும் குறைந்தது 4 மணி நேர இடைவெளியில். கடையில் மருந்தை மாற்றிக் கொடுத்தால் எத்தனை மி.லி. என்று கேட்டு நிறுத்தாதீர்கள், எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்று கேளுங்கள். சளி மருந்துக் கலவை எதிலாவது பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டில் 30 மி.லி. என்றால் 6 வேளை, 3 நாள். 7 நாளுக்கு 70 மி.லி. வேண்டும், ஆக மூன்று பாட்டில். மூன்றையும் ஒன்றாகக் கலக்கவில்லை, தீரத் தீர ஒவ்வொன்றாகக் கலந்தோம், மற்றவை தூளாகவே இருந்தன. ஏழாம் நாள் கடைசிப் பாட்டிலில் 10 மி.லி. செலவாகி 20 மி.லி. மீதம். அடுத்த முறைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கவில்லை. பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.