புள்ளிகளாகக் கொட்டும் ஒகேனக்கல்: பிராசஸிங்கில் ஜியோமரேட்டிவ்

'ஒகேனக்கல்' என்று திரையில் எழுத வேண்டும்; அந்த எழுத்துகள் புள்ளிகளாக உதிர்ந்து அருவியாகக் கொட்ட வேண்டும். தருமபுரிக்காரனுக்கு இப்படி ஓர் ஆசை வருவதில் வியப்பில்லை. படம் வரைகிறவர்களும் நிரல் எழுதலாம் என்று 2001-இல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல் மென்பொருள்தான் எனக்குப் பழக்கம். எழுத்தின் வெளிக்கோட்டைப் புள்ளிகளாகப் பிரித்துத் தர ஜியோமரேட்டிவ் என்ற லைப்ரரியை (பிராசஸிங்கோடு இணைக்கும் கூடுதல் நிரல் தொகுப்பு) சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக் கணினியில் இணையம் இல்லாததால் ஜிப் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து கையாலேயே நிறுவினேன். பிராசஸிங் நம் நிரல்களைச் சேமிக்கும் ஸ்கெட்ச்புக் ஃபோல்டருக்குள் 'லைப்ரரீஸ்', அதற்குள் 'ஜியோமரேட்டிவ்', அதற்குள் 'லைப்ரரி', அதில் லைப்ரரியின் நிரல் இருக்கும் ஜார் கோப்பு. ஃபோல்டர் பெயரும் ஜார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிப்பை விரிக்கும்போது ஒரே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாகிவிட்டால் பிராசஸிங் அதைக் கண்டுகொள்ளாது. மூடித் திறந்ததும் இம்போர்ட் லைப்ரரி பட்டியலில் பெயர் வந்துவிட்டது. நிரல் தொடங்கும்போது ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியில் முதல் வேலையாக, லைப்ரரியைத் தொடங்கிவைக்கும் ஆர்ஜி.இனிட் கட்டளை, அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துகள் உடனே புள்ளிகளாக வந்தன. தமிழ்தான் சிதைந்தது. 'கே'யில் இரட்டைக் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. காரணம் எளிது: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் க முதலிலும் கொம்பு பிறகும்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது இடம் மாற்றுவது எழுத்துக் கோக்கும் மென்பொருளின் வேலை. ஜியோமரேட்டிவ் அந்த வேலையைச் செய்யாமல், குறியீடுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக வரைந்துவிடுகிறது. 'தருமபுரி' என்று போட்டாலும் ரு, பு இரண்டும் ஒட்டாமல் நிற்கும். நம் ஊர்ப் பெயரை அப்படி உடைந்த கோலத்தில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எழுத்தைக் கோக்கும் பொறுப்பை இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளிடம் கொடுத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்து, ஸ்கெட்சின் (என் நிரலின்) டேட்டா ஃபோல்டரில் போட்டேன். ஜியோமரேட்டிவின் ஆர்ஜி.லோட்ஷேப் கட்டளை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இப்போது கொம்பு க-வுக்கு முன்னால், அதன் இடத்தில். தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த வழியையே சொல்வேன்.

அப்புறம் கோட்டைப் புள்ளிகளாக வெட்டும் பாலிகோனைசரை ஒரே நீள முறைக்கு மாற்றி, புள்ளிகளுக்கு நடுவே இடைவெளியை 4 என்று வைத்தேன். ன-வின் சுழி மணிமணியாகத் தெரிந்தது. 15 வைத்தால் சுழியே மழுங்கிப்போகிறது. தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு இடைவெளி நெருக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் தன் இருப்பிடம் நினைவிருக்கும். கீழே விழுந்து திரையைத் தாண்டியதும் அங்கேயே திரும்பிவிடும்.

வேகத்துக்கு, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எடுக்கும் நீர் அளவீட்டைப் பிடித்துக்கொண்டேன். நாளிதழில் வரும் நீர்வரத்துக் கனஅடியை நிரலில் ஓர் எண்ணாகக் கொடுத்தால், ஓர் எண் அளவை இன்னோர் அளவாக மாற்றும் மேப் கட்டளை அதை விழும் வேகமாக மாற்றுகிறது. 5,000 கொடுத்தால் எழுத்து நின்று நிதானமாகச் சொட்டுகிறது. 50,000 கொடுத்தால் பெயரையே படிக்க முடியாத வெள்ளம். அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுகிற நாள் போலவே இருக்கிறது.

இப்போதைக்கு எல்லா எழுத்தும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. வெளிக்கோடு வாரியாகப் புள்ளிகளைத் தரும் கட்டளையும் இதில் உண்டு. அதை வைத்து ஐந்தருவி மாதிரி தனித்தனித் தாரையாகப் பிரிப்பது அடுத்த வேலை. க-வின் உள்வட்டம் தனிக் கோடாக வருவதால் அதைத் தாய் எழுத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.