இருபத்திரண்டாம் நாள் எரிந்த அடுப்பு

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கட்டுத்தரையில் இரண்டு கறவை மாடு, ஒரு எருமை, ஒரு கிடாரி. சாணம் குப்பைக்குழிக்குப் போகும், சமையல் விறகில் நடக்கும். சிலிண்டர் இருந்தும் அம்மா அதில் டீ மட்டும்தான் போடுவார். தீர்ந்தால் அடுத்ததற்குக் காசு வேண்டுமே. ஐப்பசி மழையில் ஈர விறகை ஊதி ஊதி அவர் இருமியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு இரவில்தான் சாண எரிவாயுக் கலன் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். காற்றுப் புகாத தொட்டிக்குள் சாணக் கரைசல் புளித்து வாயு விடும், அதைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுவருவதுதான் அது.

தேர்ந்தெடுத்தது தீனபந்து என்ற மாதிரி, நாளுக்குச் சுமார் 2 கனமீட்டர் வாயு தரும் அளவு. 1984-இல் வந்த வடிவம். இரும்பு மூடி கிடையாது; செங்கல் குவிமாடம் மண்ணுக்குள் புதைந்துவிடும். துருப்பிடிக்கும் கவலை இல்லை, ஆனால் எல்லாம் கொத்தனார் கையில். உட்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது. முதலில் வந்தவருக்கு வீடு கட்டித்தான் பழக்கம். வளைவு சரியாக வராமல் பாதியில் இடித்தோம், ஏழாயிரம் ரூபாய் போனது. அப்புறம் இந்த வேலையே செய்துவரும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். கட்டப்போகிறவர்கள், கொத்தனார் முன்பு கட்டிய கலன் இன்னும் எரிகிறதா என்று நேரில் பார்த்துவிட்டு ஆளைப் பேசுங்கள்.

அரசு மானியம் கிடைத்தது. ஆனால் வேலை முடிந்து, வந்து பார்த்து, பல மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதுவரை அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன்தான் தாங்கியது. கையில் காசு இல்லாத வீடுகளைத் தடுப்பது இந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம். பாதிப் பணமாவது முன்கூட்டியே கொடுத்தால் எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடு கட்டியிருக்கும்.

கலனை முதல்முறை நிரப்ப 2 டன்னுக்கு மேல் சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவைப்பட்டன. நான்கு உருப்படியை வைத்துக்கொண்டு எப்படி? ஊர்க் கட்டுத்தரைகளுக்கெல்லாம் தள்ளுவண்டியோடு போய் அள்ளி வந்தோம். பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனிலிருந்து நான்கு டிரம் கரைசலும் வாங்கி ஊற்றினோம், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகினால்தான் சீக்கிரம் வாயு பிடிக்கும்.

பதினைந்தாம் நாள் வாயு வந்தது, பற்றவில்லை. வீடே சோர்ந்துவிட்டது. முதலில் வருவதில் கரியமில வாயுதான் அதிகம், காற்றும் கலந்திருக்கும். பக்கத்தில் நெருப்பு வைக்காமல் வெளியே திறந்துவிட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். இரண்டு முறை திறந்துவிட்டோம். இருபத்திரண்டாம் நாள் காலையில் நீலமாக எரிந்தது. அம்மா பால் காய்ச்சினார். புகையில்லாமல் அவர் முகத்தை அடுப்புக்கு முன்னால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது தினமும் சுமார் 45 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில், வைக்கோலைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கரைக்கிறோம். கட்டுத்தரை கழுவிய பினாயில் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சுடர் துள்ளினால் குழாயில் நீர் கோத்திருக்கிறது, வடித்துவிட்டால் சரி. அடுப்பு இதற்கென்றே உள்ள தனி அடுப்பு. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. மார்கழிக் குளிரில் வாயு குறைகிறது, அந்த மாதம் இரவுச் சமையலுக்கு மட்டும் விறகு.

வெளியே வரும் கரைசலை மஞ்சளுக்கும் வாழைக்கும் விடுகிறோம். யூரியா வாங்குவது பாதியாகிவிட்டது. சிலிண்டரில் மிச்சமானதைவிட எங்களுக்கு இதுதான் பெரிய வரவு.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே ஒரு மாடு. 1 கனமீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணம் வேண்டும், அவரால் கட்ட முடியாது. காலையில் அவர் சாணக்கூடையை எங்கள் தொட்டியில் கொட்டுகிறார், மத்தியானம் எங்கள் அடுப்பில் சோறு வடித்துக்கொள்கிறார். போகும்போது கீரைப்பாத்திக்கு இரண்டு குடம் கரைசல்.